இரண்டாம் முறை எடுத்த ரத்தம்

பானுமதிக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்க வரும். எம்.எஸ்ஸி. பயோமெடிக்கல் சயின்ஸ் படிக்கிறவளுக்கு அதுகூட வராதா என்பீர்கள். எனக்கு வராது. முதலாம் ஆண்டுப் பயிற்சியில் நான் குத்திய கைகளெல்லாம் ஒரு வாரத்துக்கு நீலம் பாரித்துக் கிடந்தன. வகுப்பில் என்னைப் பார்த்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டவர்கள் உண்டு. பானுமதி அப்படியில்லை. ஆளோடு பேச்சுக் கொடுத்தபடியே விரலால் நரம்பை ஒரு தடவு தடவுவாள், பேச்சு முடிவதற்குள் டியூப் நிறைந்திருக்கும். எனக்கு அவளைப் பார்த்து எரிச்சலாக வரும். அதைவிட அதிகமாக ஆசையாகவும் இருக்கும்.

என் பெயர் ஸ்வாதி. அப்பாவுக்கு அணுசக்தி ஆராய்ச்சி மையத்தில் வேலை. நான் வளர்ந்தது அணுபுரம் குடியிருப்பில். பானுமதி அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய மீனவர் குப்பத்தில் வளர்ந்தவள். ஒரே பேருந்தில் பல வருடம் போயிருப்போம் போலிருக்கிறது, ஆனால் பேசிக்கொண்டது செங்கல்பட்டுப் பக்கம் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான். சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம்.

கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு ஆய்வேடு எழுத வேண்டும். நான் ஏற்கெனவே பலர் செய்து முடித்த தலைப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். பானுமதி தன் ஊரை எடுத்துக்கொண்டாள். குப்பத்துப் பெண்கள் பலருக்குக் கருவாடு காயவைக்கும் வேலை. மணலில் நாள் முழுக்க வெயிலில் நிற்பார்கள். தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும் என்பதற்காகக் குடிக்கவே மாட்டார்கள். இப்படி வருடக்கணக்கில் காய்ந்தால் சிறுநீரகம் என்ன ஆகும்? இதுதான் அவள் கேள்வி. ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்றைப் பார்ப்போம். தசையில் உண்டாகும் கழிவு அது, சிறுநீரகம் அதை வெளியேற்றிவிட வேண்டும். ரத்தத்தில் அது ஏறிக் கிடந்தால் சிறுநீரகம் சுணங்குகிறதோ என்று சந்தேகப்படலாம். கூடவே யூரியாவும் பார்ப்போம். குப்பத்துப் பெண்களுடைய ரத்தத்தை, நிழலில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களின் ரத்தத்தோடு ஒப்பிடுவதாகத் திட்டம்.

எங்கள் வழிகாட்டி பேராசிரியர் ஞானம்பாள் அதைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பானுமதியைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பாராட்டு என்று அர்த்தம். வாயால் பாராட்டி நாங்கள் கேட்டதில்லை.

ரத்தம் எடுக்கும் நாளில் துணைக்கு நான் போனேன். டியூப்புகளும் ஐஸ் பெட்டியும் என் பொறுப்பு. அந்தப் பெண்களைக் குத்த ஊசியை என்னிடம் தருவதில்லை என்று பானுமதி முன்பே சொல்லிவிட்டாள். குப்பத்துச் சமுதாயக் கூடத்துக்குள் நுழையும்போதே வாசனை தூக்கியது. பானுமதியின் அம்மா ஆதியம்மாள் பெரிய அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். சுறாப்புட்டு. பிள்ளை பெற்றவளுக்கும் நோயில் விழுந்து எழுந்தவளுக்கும் அந்தக் கடற்கரையில் கொடுக்கிற சாப்பாடு அது.

"ரத்தம் குடுக்கறவளுக்குத் தெம்பு வாணாவா?" என்றாள் ஆதியம்மாள். "எம் பொண்ணு கூப்ட்டான்னு வந்துகீறாளுங்க. வெறும் வயித்தோட அனுப்புனா ஊரு இன்னா பேசும்?"

வந்த பெண்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன், இரண்டு தட்டு. மூன்றாவதைக் கேட்க வெட்கமாக இருந்தது. சாப்பிட்டு, கதை பேசி, இரண்டு மணி நேரம் போன பிறகு ஊசியைக் கண்டதும் பெண்கள் பின்வாங்கினார்கள். எங்கள் துறையில் அதற்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் கையைக் கேட்கும் முன் நம் கையை நீட்டிவிட வேண்டும். பானுமதி எல்லோருக்கும் முன்னால் என் கையில் ரத்தம் எடுத்தாள். பிறகு தன் கையை என்னிடம் நீட்டினாள். நான் குத்திய குத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து, "இந்தப் பாப்பா வாணாம், எங்க பானுவே குத்தட்டும்" என்று சொல்லிச் சந்திரம்மா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். பானுமதிக்குத் தூரத்து அத்தை முறை. வாட்டசாட்டமான பெண், குரலும் அதற்கேற்ற மாதிரி. அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. எங்கள் இருவரின் டியூப்புகளையும் பெட்டியின் ஓரத்தில் செருகினேன்.

முடிவு வந்தபோது பானுமதியின் முகம் வெளுத்துவிட்டது. குப்பத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் கிரியாட்டினின் இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. யூரியாவும் ஏறியிருந்தது. ஒப்பிட எடுத்திருந்த அலுவலகப் பெண்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அளவைத் தாண்டியவர்களில் ஆதியம்மாளும் இருந்தாள், சந்திரம்மாவும் இருந்தாள்.

ஞானம்பாள் மேடம் அன்றைக்கு வாயாலேயே, "குட் வொர்க்" என்றார். ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினார். துறையில் ஓர் ஆராய்ச்சி உதவியாளர் வேலை காலியாக இருந்தது. மே மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தவர்களில் சிறந்த ஒருவருக்கு அது. அதில் சேர்ந்தால் அப்படியே பிஎச்.டி.க்குப் பதிந்துகொள்ளலாம். பானுமதிக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. வேலை கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ரத்தம் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், ஆராய்ச்சி என்ற பேச்சே முடிந்துபோகும். இந்த முடிவோடு போனால் வேலை அவளுக்குத்தான் என்று துறை முழுக்கப் பேசிக்கொண்டது. அடுத்த இடத்தில் இருந்த எனக்கே அதில் சந்தேகமில்லை.

குப்பத்தில் நிலைமை வேறு. எண் ஏறியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. பானுமதி போய்ச் சொன்னாள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், பயப்படாதீர்கள் என்றுதான் சொன்னாள். பயப்படாதே என்று சொன்னால் யார் பயப்படாமல் இருந்திருக்கிறார்கள்? சிலர் வேலைக்குப் போவதை நிறுத்தினார்கள். ஆதியம்மாள் யாரோ சொன்ன கஷாயத்தைக் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்தாள். பானுமதி அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் நடுவில், ஆய்வேடு முக்கால்வாசி முடிந்திருந்த ஒரு மத்தியானம், ஆய்வுக்கூடக் குளிர்பதனப் பெட்டியைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு வந்தது. ஓரத்தில், அன்று எங்கள் இருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் உறைந்து கிடந்தது. தூக்கிப் போடுவதற்கு முன்னால் சும்மா ஓட்டிப் பார்ப்போமே என்று ரத்தம் சோதிக்கும் அனலைசரில் வைத்தேன்.

எனக்குக் கிரியாட்டினின் ஏறியிருந்தது.

சொல்ல வெட்கமாக இல்லை, நான் பயந்துபோனேன். டயாலிசிஸ், அப்பாவின் முகம், அம்மா தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று அடம்பிடிப்பது வரைக்கும் நிமிஷத்தில் யோசித்துவிட்டேன். பானுமதியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவளுடையதும் ஏறித்தான் இருந்தது. அவள் தன்னுடையதைப் பார்க்கவே இல்லை. என்னுடையதையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஸ்வாதி, நீ எப்பயாவது வெயில்ல நின்னு கருவாடு காய வெச்சுகீறியா?"

"விளையாடறியா? எனக்கு உயிர் போகுது."

"நீ குடை இல்லாம பஸ் ஸ்டாப்புக்கே வர மாட்ட. தண்ணி பாட்டில் இல்லாம கிளாசுக்கு வர மாட்ட. உனக்கு எதுக்குடி ஏறணும்?"

பிறகு அவளே நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "புட்டு," என்றாள்.

சமைத்த மாமிசமோ மீனோ நிறையச் சாப்பிட்டால் சில மணி நேரத்துக்குக் கிரியாட்டினின் ஏறும் என்று எங்கள் பாடத்திலேயே ஒரு வரி உண்டு. நான் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். சுறாவின் சதையில் யூரியா வேறு அதிகம். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டோம், என்ன நோய் இருந்தது என்று கேட்டோம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. கேட்பானேன், நாங்களும் அதே பந்தியில்தானே உட்கார்ந்திருந்தோம்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்றாள் பானுமதி. இரண்டு நாள் இருவரும் மீன், கறி எதையும் தொடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தோம், சாதாரணமாக இருந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. மறுநாள் மாமல்லபுரத்தில் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சின்ன ஓட்டலுக்குப் போய்ச் சுறாப்புட்டு வாங்கி மூச்சுமுட்டச் சாப்பிட்டோம். ஓட்டல்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து கல்லூரிக்கு ஓடி மறுபடி ரத்தம் எடுத்தோம். இரண்டு பேருக்கும் எண் எகிறியிருந்தது.

"சரி," என்றேன் நான். "ஆய்வேட்டுல 'வரம்புகள்'னு ஒரு பகுதி இருக்கே. அதுல உணவைக் கணக்குல எடுக்கலைன்னு ஒரு வாக்கியம் போட்டுடு. பொய்யும் இல்லை. மே மாசமே கொடுத்துடலாம்."

இதை நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோரும் செய்வதுதான். அந்த வேலை அவளுக்குப் போக வேண்டும் என்று நிஜமாகவே விரும்பினேன்.

"வாக்கியம் போடலாம்," என்றாள் பானுமதி. "எங்கம்மா கஷாயம் குடிச்சுகினு கீது. அதுக்கு எந்த வாக்கியம் போடறது?"

நேராக ஞானம்பாள் மேடம் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். எங்கள் இருவருக்கும் மூன்று முறை வந்த எண்களையும் மேஜையில் வைத்தாள். மேடம் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"மறுபடியும் எல்லார்கிட்டயும் ரத்தம் எடுக்கணும்," என்றார். "மே தாண்டிடும்."

"தெரியும் மேடம்."

"அந்த போஸ்ட் உனக்குக் கிடைக்காது. எனக்கு அதை நிறுத்தி வைக்க அதிகாரம் இல்லை."

"தெரியும் மேடம்."

"ரெண்டாவது தடவை பார்த்தா ஒண்ணுமே இல்லைன்னு வரலாம். ஒண்ணுமே இல்லாத தீசிஸை யாரும் கொண்டாட மாட்டாங்க."

"ஒண்ணுமில்லைன்னு வந்தா எங்க ஊர்ல கொண்டாடுவாங்க மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கணினிப் பக்கம் திரும்பி, கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக எங்கள் கண்முன்னாலேயே தட்டி அனுப்பினார். "புரோட்டோகால்ல நானும்தான் கையெழுத்துப் போட்டேன். நானும் கேட்கலை, என்ன சாப்பிட்டாங்கன்னு," என்றார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

குப்பத்தில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மெஷின் கோளாறு என்று சொல்லிவிடு, அம்மா மனசு நோகாது என்றேன். பானுமதி ஒப்புக்கொள்ளவில்லை. மெஷின் மேல் பழி போட்டால் அடுத்த முறையும் அம்மா அண்டாவை ஏற்றுவாள் என்றாள். சமுதாயக் கூடத்தில் பெண்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். "எங்கம்மா ஆசையா போட்டுச்சு. நான்தான் கேக்காம வுட்டேன். தப்பு என்னுது. உங்களைப் பயமுறுத்திட்டேன்."

ஆதியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஊருக்கெல்லாம் பரிமாறிய கை அது.

"அப்போ கஷாயத்த வுட்டுடலாமா?" என்று கேட்டாள்.

"வுட்டுடும்மா."

"நாத்தம் புடிச்ச கஷாயம்," என்றாள் ஆதியம்மாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இவ்ளோ பட்ச்சுகினு கீற, நாஸ்தா இன்னா துன்னேன்னு ஒரு வார்த்த கேக்க வாணாவாடி?"

இரண்டாம் முறை ரத்தம் எடுப்பதற்கு முந்தின நாள் முழுக்க மீன் கூடாது, கறி கூடாது என்று சொல்லியிருந்தோம். ஆதியம்மாள் அதை ஊர்க்கட்டுப்பாடாகவே ஆக்கிவிட்டாள். ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தாளாம். கடலிலிருந்து வந்த ஆண்கள் ரசம் சாதத்தைப் பார்த்து முணுமுணுத்திருக்கிறார்கள். "ஒரு நாளு மீனு துன்னாங்காட்டி செத்துட மாட்ட" என்று அவர்களுக்கும் பதில் கிடைத்திருக்கிறது. காலையில் பெண்கள் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. ஒரு முறை பயமுறுத்தியவளிடம் இரண்டாம் முறை கையை நீட்டுவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும். அவள் உண்மையைச் சொன்னதால் வந்தார்கள், வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இதற்குள் மே முடிந்துவிட்டது. வேலை எனக்கு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். "பேஜாரு பண்ணாத. நீ வாணாம்னா வேற எவனாவது வருவான். போய்ச் சேரு," என்று பானுமதி என்னைத் திட்டினாள். சேர்ந்தேன். முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார எனக்குக் கூசியது.

முடிவுகள் என் அனலைசரில்தான் ஓடின. பானுமதி பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள். ஆதியம்மாள், சாதாரணம். அடுத்தவள், சாதாரணம். அதற்கடுத்தவள், சாதாரணம். அலுவலகப் பெண்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அவளுடைய ஆய்வேட்டின் பெரிய கண்டுபிடிப்பு எங்கள் கண்ணெதிரில் வரிவரியாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. பானுமதி அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். தன் ஆராய்ச்சி பொய்த்துப்போனதற்கு ஒருத்தி இப்படிச் சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பட்டியலின் கடைசிக்கு முந்தின எண்ணில் அவள் அழுகை நின்றது. சந்திரம்மாவுடையது இறங்கவே இல்லை.

மறுபடி ஓட்டினோம். அப்படியேதான் இருந்தது.

அன்று சாயங்காலம் குப்பத்துக்குப் போனோம். எல்லோருக்கும் நல்ல செய்தியைச் சொல்லி அனுப்பிவிட்டு, பானுமதி சந்திரம்மாவைத் தனியாக அழைத்துப் போய் மணலில் உட்காரவைத்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பானுமதி சொல்லி முடித்ததும் சந்திரம்மா கேட்டாள்.

"அப்போ அவங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்கு மட்டும் கீது."

"ஆமா அத்த."

"மொதோ தபாவும் கீதுன்னுதானே சொன்ன. அதையே சொல்றதுக்கா திரும்பக் குத்துன?"

"மொதோ தபா கும்பலோட கும்பலா சொன்னேன் அத்த. அதுல உன்ன நான் தனியா பாக்கவே இல்ல. இப்போ உன்ன மட்டும் பாக்கறேன். ஆரம்பம்தான், மருந்து கீது. நாளைக்குச் செங்கல்பட்டுல டாக்டர் கிட்ட போலாம். அப்புறமும் போவணும், அடிக்கடி போவணும். நான் கூடவே வரேன்."

சந்திரம்மா கடலைப் பார்த்தாள். அந்தப் பெரிய குரல் சிறுத்துப்போயிருந்தது.

"அடிக்கடின்னா எப்படிடி வருவ? உனக்கு உங்க காலேஜுலயே வேலன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கினு கீதே."

பானுமதி என் பக்கம் திரும்பவில்லை.

"அந்த வேல இல்ல அத்த," என்றாள். "அதனால வருவேன்."

சந்திரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வேலையில் இருந்த நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ஒருத்தியை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை, அவ்வளவு அழுததும் இல்லை.